வலி என்றதும் அதிர்வலையா?

குதிகால் வலியென்று எங்கள் பிரிவுக்கு வருவோர் முன்பெல்லாம் "என்ன மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்?" என்று கேட்பார்கள். இப்போது "ஷாக்வேவ் எத்தனை தடவை வைக்க வேண்டும்?" என்று கேட்கிறார்கள். கைப்பேசியில் கண்ட காணொளியோ, பக்கத்து வீட்டாரின் பரிந்துரையோ கேள்வியை முன்பே முடிவு செய்துவிடுகிறது. அக்கருவி எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவிலும் உள்ளது. நாங்கள் அதைப் பயன்படுத்துகிறோம். அதனால் நலம் பெற்றோரைக் கண்டும் இருக்கிறோம். ஆயினும், வலியுடன் வரும் ஒருவருக்கு முதல் நாளிலேயே அதைத் தொடங்குவது சரியன்று என்பது எங்கள் கருத்து. ஐந்து அமர்வு, பத்து அமர்வு என மொத்தமாகக் கட்டி முன்பணம் பெற்று விற்பது அதைவிடச் சரியன்று. இதைக் கருவி வைத்திருக்கும் நாங்களே சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அதனால்தான் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறோம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். நம் ஊரில் இயன்முறைச் சிகிச்சை என்றாலே "கரண்ட் வைப்பது" என்று பொருள் கொள்வோர் பலர். அத்துடன் "ஷாக்" என்ற சொல்லும் சேர்ந்துகொண்டால், முதியவர்கள் அஞ்சுவதில் வியப்பில்லை. அதிர்வலைச் சிகிச்சையில் உடலுக்குள் மின்சாரம் எதுவும் செலுத்தப்படுவதில்லை. தோலின் மீது வைக்கப்படும் முனையிலிருந்து அழுத்த அலைகள் திசுவுக்குள் செல்கின்றன, அவ்வளவே. வெடிச்சத்தம் எழும்போது சன்னல் கண்ணாடி அதிர்கிறதே, அவ்வகை அலையைச் சிறிய இடத்திற்குள் அடக்கிக் கையாளுவதாக எண்ணிக்கொள்ளலாம்.

இந்த அலை மருத்துவத்திற்குள் வந்த கதையும் சுவையானது. ஜெர்மனியின் டோர்னியர் என்னும் விமான நிறுவனம், அதிவேகமாகப் பறக்கும் விமானத்தின் மீது மழைத்துளி மோதும்போது எழும் அதிர்வலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தது. அந்த ஆராய்ச்சியின் வழியே சிறுநீரகக் கல்லை உடலைத் திறக்காமல் வெளியிலிருந்தே உடைக்கலாம் என்ற எண்ணம் பிறந்தது. 1980-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மியூனிக் நகரில் மருத்துவர் கிறிஸ்டியன் சாசியும் அவருடைய குழுவினரும் முதல் நோயாளிக்கு அதைச் செய்து காட்டினர். நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிச் செய்த சிகிச்சை அது. பின்னர், இதே அலை எலும்பிலும் தசைநாணிலும் திசு வளர்ச்சியைத் தூண்டக்கூடும் என்று கண்டதும் எலும்பியல் மருத்துவர்கள் அதை எடுத்துக்கொண்டனர். கல்லை உடைக்கப் பயன்படுவது எப்படி நாணை ஆற்றும் என்று கேட்போர் உண்டு. இங்கே உடைப்பது நோக்கமன்று. ஆற்றல் அளவு குறைத்து வைக்கப்படுகிறது. ஆறுவதை நிறுத்திவிட்ட திசுவைச் சிறிது சீண்டி, மீண்டும் ஆறும் வேலையில் இறக்கிவிடுவதே நோக்கம். அது எவ்வாறு நிகழ்கிறது என்பது முழுமையாகத் தெளிவாகவில்லை. புதிய நுண்குழாய்கள் வளர்வது, வலியைக் கடத்தும் நரம்பு முனைகள் மந்தமாவது ஆகிய இரண்டும் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

இன்னொரு சொற்குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வது நல்லது. "நரம்பு இழுத்துக்கொண்டது", "நரம்பு பிடித்துக்கொண்டது" என்கிறோம். இரத்தக் குழாய்க்கும் நரம்பு, உணர்ச்சியைக் கடத்துவதற்கும் நரம்பு, தசையை எலும்போடு கட்டும் நாணுக்கும் நரம்பு. இங்கு நாம் பேசுவது கடைசியாகச் சொன்ன தசைநாணைப் பற்றியும், பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல்கள் வரை விரிந்திருக்கும் பட்டையைப் பற்றியும்தான். இவை கயிறு போன்றவை. புரி புரியாக, ஒரே திசையில் அடுக்கிய நார்களால் ஆனவை. தாங்கக்கூடியதைவிட அதிகச் சுமையை நாள்தோறும் சுமக்க நேரும்போது நார்களின் அடுக்கு கலைகிறது. நாள்பட்ட வலியில் பெரும்பாலும் நடப்பது இதுவே. வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரைகள் சில நாள் வலியைத் தணித்தாலும் கலைந்த அடுக்கைச் சீர்செய்ய இயலாமல் போவது இதனால்தான். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் குத்தும் வலி, நாலு அடி நடந்தபின் தணிந்து, மாலையில் மீண்டும் வருவது பாதப் பட்டை நோயின் அடையாளம். எக்ஸ்ரேயில் தெரியும் "முள்ளை"க் கண்டு பலர் கலங்குகின்றனர். வலியே இல்லாத பலருடைய குதிகாலிலும் அந்த முள் இருக்கிறது. அதை அறுத்தெடுக்க வேண்டுமோ என்ற அச்சம் வேண்டியதில்லை.

கலைந்த நாரை மீண்டும் அடுக்குவது எது? எங்களுக்குத் தெரிந்தவரை, அளவறிந்து படிப்படியாக ஏற்றப்படும் சுமையே முதன்மையானது. சுவீடனின் ஆல்ஃபிரட்சன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1998-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குதிகாலுக்கு மேலுள்ள அக்கிலிஸ் நாணில் நாள்பட்ட வலியுடன், அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் நிலையில் இருந்த 15 ஓட்டக்காரர்களுக்கு ஒரே ஒரு பயிற்சி தரப்பட்டது. படியின் விளிம்பில் முன்னங்காலால் நின்று குதிகாலை மெல்லக் கீழே இறக்குவது. முழங்காலை நீட்டியும் மடித்தும், ஒரு நாளைக்கு 180 முறை, 12 வாரங்கள். அந்த 15 பேரும் ஓட்டத்திற்குத் திரும்பினர். பிற்கால ஆய்வுகளில் வெற்றி அத்துணை முழுமையாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனினும் அதுவரை "ஓய்வெடு, ஓய்வெடு" என்றே சொல்லிவந்த மருத்துவத்தின் போக்கை அந்தச் சிறிய ஆய்வு மாற்றியது. பாதப் பட்டைக்கும் அதேபோல் ஒன்று உண்டு. 2014-இல் வெளியான டென்மார்க் ஆய்வில், விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துக்கொண்டு படியில் நின்று, மூன்று நொடியில் குதிகாலை உயர்த்தி, இரண்டு நொடி நிறுத்தி, மூன்று நொடியில் இறக்கும் பயிற்சி ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யப்பட்டது. மூன்று மாத முடிவில் இவர்கள், வெறும் நீட்சிப் பயிற்சி செய்தோரைவிட நன்றாக இருந்தனர். ஓராண்டு முடிவில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை.

இதற்குத் தேவையானவை ஒரு வாசற்படியும் ஒரு துண்டும்தான். இங்குதான் இடர் தொடங்குகிறது. "என்னங்க டாக்டர், இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தது வெறும் எக்சர்சைஸுக்கா?" என்ற கேள்வியை நாங்கள் வாரம் தவறாமல் கேட்கிறோம். காசு கொடுத்து, கருவியின் கீழ் படுத்து எழுந்தால்தான் சிகிச்சை பெற்றதாக மனம் ஒப்புகிறது. அந்த மனநிலையைத்தான் சில இடங்களில் வணிகமாக்கிக்கொள்கிறார்கள்.

அதிர்வலைக்கு ஆதாரமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. தோள்பட்டை நாணில் கால்சியம் படிந்து வலிப்போருக்கு, உயர் ஆற்றல் அலை உதவுகிறது என்று 2003-இல் வெளியான ஜெர்மனிய ஆய்வு காட்டியது. கால்சியம் இல்லாத சாதாரணத் தோள்பட்டை நாண் வலிக்கு அதே நன்மை கிடைப்பதாகச் சான்று இல்லை. முழங்கையின் வெளிப்புற வலிக்கும் முடிவுகள் ஏமாற்றமளிப்பவையே. குதிகாலுக்கோ வழக்கு இரு பக்கமும் இருக்கிறது. 2002-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வில் உண்மையான அலை பெற்றோரும், பெயரளவுக்கு மட்டும் பெற்றோரும் ஒரே அளவில் தேறினர். பின்னர் வந்த வேறு சில பெரிய ஆய்வுகள் உண்மையான அலைக்கே கூடுதல் பயன் எனக் கண்டன. இவற்றையெல்லாம் சீர்தூக்கிய பிரிட்டனின் நைஸ் என்னும் அரசு அமைப்பு, 2009-இல் குதிகால், அக்கிலிஸ், முழங்கை ஆகிய மூன்றுக்கும் ஒரே தன்மையான கருத்தைத் தெரிவித்தது: பெரிய ஆபத்து இல்லை; ஆனால் பயன் பற்றிய சான்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை; ஆகவே அந்த ஐயத்தை நோயாளிக்கு எடுத்துச் சொல்லி, அவர் ஒப்புதலுடன் செய்க. அந்த "எடுத்துச் சொல்லி" என்பதை நாங்கள் மிக முக்கியமாகக் கருதுகிறோம்.

ஆஸ்திரேலிய ஆய்வில் பெயரளவுச் சிகிச்சை பெற்றோரும் ஏன் தேறினார்கள் என்பதை எண்ணிப்பாருங்கள். பாதப் பட்டை வலி பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் தானாகவே தணிகிறது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் எவரும் மருத்துவமனைக்கு வருவார்கள். உச்சத்திலிருந்து அடுத்து இறக்கம்தான். அந்த இறக்கத்தில் எதைச் செய்தாலும் அது பலித்ததாகத் தோன்றும். வலி தொடங்கி மூன்று வாரமே ஆனவருக்கு ஐந்து அமர்வு வைத்தால் அவரும் நலம் பெறுவார்; கருவிக்கே நன்றி சொல்வார்; நாலு பேரை அனுப்பியும் வைப்பார்.

அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் குதிகால் வலிக்கான அதிர்வலைக் கருவிக்கு முதன்முதலாக ஒப்புதல் அளித்தபோதே, ஆறு மாதத்திற்குக் குறையாமல் வலி நீடித்து, மற்ற எளிய சிகிச்சைகள் பயனளிக்காதவர்களுக்கே என்று வரையறுத்தது. ஆறு மாதம் என்பதை நாங்கள் கல்லில் எழுதிய விதியாகக் கொள்ளவில்லை. ஆயினும் முறையான பயிற்சியை மூன்று மாதமேனும் செய்து பார்க்காதவருக்குக் கருவியை வைக்க எங்களுக்கு மனம் ஒப்புவதில்லை.

மறுபக்கமும் உண்டு, அதை மறைத்தல் நேர்மையாகாது. பயிற்சியை ஒழுங்காகச் செய்து, காலணியை மாற்றி, எடையைக் கவனித்து, ஓராண்டாகியும் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்போர் இருக்கின்றனர். அவர்களிடம் "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் தவறு. அத்தகையோருக்கு அறுவைச் சிகிச்சைக்கு முன்னே அதிர்வலை ஒரு நல்ல படி. அப்போதும் பயிற்சியை நிறுத்தலாகாது. அக்கிலிஸ் நாண் வலிக்குப் பயிற்சி மட்டும் செய்தோரைவிட, பயிற்சியோடு அதிர்வலையும் பெற்றோர் நான்கு மாத முடிவில் கூடுதலாகத் தேறினர் என்று 2009-இல் வெளியான ஜெர்மனிய ஆய்வு ஒன்று காட்டியது. கருவி துணை, பயிற்சிக்கு மாற்று அன்று.

விரைவாக வலி நீங்க வேண்டும் என்று ஸ்டீராய்டு ஊசியைக் கேட்டு வாங்குவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முழங்கை வலியில் அந்த ஊசி சில வாரங்களுக்கு அருமையாக வேலை செய்கிறது. ஓராண்டு கழித்துப் பார்த்தாலோ, ஊசி போடாதவர்களே மேலான நிலையில் இருக்கின்றனர். அக்கிலிஸ் நாணைச் சுற்றி அதைச் செலுத்துவதில் நாண் அறுபடும் ஆபத்து உண்டு. சிப்ரோஃப்ளாக்சசின் வகை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் தசைநாணைப் பலவீனப்படுத்தக்கூடியவை. அண்மையில் அவற்றை உட்கொண்டிருந்தால் மறவாமல் கூறுங்கள்.

நம் வீடுகளில் குதிகால் வலிக்கு எருக்கம் இலையைச் சூடான செங்கல் மேல் பரப்பி, அதில் குதிகாலை வைத்து அழுத்தும் வழக்கம் உண்டு. வெப்பம் சிறிது இதமளிக்கும் என்பதில் ஐயமில்லை. அதைக் கேலி செய்ய நாங்கள் விரும்பவில்லை. ஆனால் பல ஆண்டு சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவர், செங்கல்லின் சூடு எவ்வளவென்று அறியாமலே தோல் வெந்துபோகும் வரை வைத்திருப்பார். ஒரு குதிகால் வலி ஆறாத புண்ணாக மாறுவது இப்படித்தான். அவர்களுக்குச் செங்கல் ஒத்தடம் கூடவே கூடாது. உணர்ச்சி மங்கிய பாதத்தில் அதிர்வலை வைப்பதிலும் இதே எச்சரிக்கை தேவை. வலிக்கிறதா என்று கேட்டுக் கேட்டு ஆற்றலைக் கூட்டுவதே முறை. கேட்கும் கேள்விக்குப் பாதம் விடை சொல்லாவிட்டால் என்ன செய்வது?

இனி, குடும்பத்தாருக்கு. குதிகால் வலியுடன் வரும் இல்லத்தரசிகளிடம் விசாரித்தால் விடை ஒன்றுபோலவே இருக்கிறது. விடியலில் எழுந்தது முதல் அடுப்படியில், கிரானைட் அல்லது டைல்ஸ் தரையில், வெறுங்காலுடன் நிற்கிறார்கள். வீட்டுக்குள் மட்டும் அணிய ஒரு மெத்தென்ற செருப்பு வாங்கிக்கொள்ளுங்கள் என்றால், "அடுப்படியில செருப்பா? மாமியார் என்ன சொல்வாங்க?" என்கிறார்கள். மாமியாருக்கும் அதே வலி இருப்பது எங்களுக்குத் தெரியும்; அவரும் போன மாதம் வந்திருந்தார். தெருவில் மிதிக்காத, வீட்டுக்கென்றே தனியாக வைத்த செருப்பு எந்தத் தூய்மையையும் கெடுத்துவிடாது. இதை மருமகள் சொல்வதைவிட மகன் சொல்வது எளிது. பயிற்சிக்கான கால்மணி நேரமும் அவ்வாறே. அந்த நேரத்தில் பாலைக் கவனிக்க யாராவது இருந்தால் பயிற்சி நடக்கும், இல்லாவிட்டால் நடக்காது. மூன்று மாதப் பயிற்சி தோற்றதாகச் சொல்லப்படும் பல வீடுகளில் உண்மையில் பயிற்சி தொடங்கவே இல்லை.

நின்றே வேலை செய்வோருக்கும் இது பொருந்தும். துணிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நிற்கும் விற்பனைப் பணியாளர்களுக்கு எத்தனை அலைகள் செலுத்தினாலும், மறுநாள் மீண்டும் பத்து மணி நேரம் நிற்க வேண்டுமென்றால் நாண் என்ன செய்யும்? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டு, பணியாளர்களுக்கு இருக்கை வசதி தரவேண்டியது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. இது பலருக்குத் தெரியவில்லை. தெரிந்தோரும் கேட்கத் தயங்குகின்றனர். பணியிடத்திற்குத் தருவதற்கு மருத்துவரின் கடிதம் தேவையெனில் தயங்காமல் கேளுங்கள், எழுதித் தருகிறோம். நாட்கூலி பெறுவோருக்கு ஒவ்வொரு அமர்வும் கட்டணத்தோடு ஒரு நாள் கூலியையும் பேருந்துச் செலவையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது என்பதையும் சிகிச்சையைப் பரிந்துரைப்போர் கணக்கில் கொள்ள வேண்டும்.

முடிவில் அதிர்வலை தேவை என்றே தீர்மானமானால் எதிர்பார்க்க வேண்டியவை இவை. வாரம் ஒரு முறை, பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து அமர்வுகள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 2000 அலைத் துடிப்புகள். பத்து, பதினைந்து நிமிடங்களில் முடிந்துவிடும். வலிக்கும், ஆனால் தாங்கக்கூடிய வலி. மரத்துப்போகும் ஊசி போடுவதில்லை. அது பலனைக் குறைப்பதாக அறியப்பட்டுள்ளது. ஓரிரு நாள் சிவப்பு, கன்றல், சிறு வீக்கம் இருக்கலாம். பலனை அடுத்த வாரமே எடைபோட வேண்டாம். மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். கருவிகளிலும் இரு வகை உண்டு. ஒன்று அலையை ஆழத்தில் ஒரு புள்ளியில் குவிக்கும். மற்றது காற்றழுத்தத்தால் ஒரு சிறு உலோகத் துண்டை முனையில் மோதவைத்துப் பரவலான அழுத்த அலையை மேலோட்டமாகத் தரும். இயற்பியல்படி இரண்டாவது உண்மையான அதிர்வலையே அன்று. எது வைக்கப்படுகிறது, ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கருவுற்ற பெண்களுக்கும், சிகிச்சை செய்யும் இடத்தில் புற்றுக்கட்டி உள்ளவர்களுக்கும் இதைச் செய்வதில்லை. இரத்தம் உறையாமைக்கு மருந்து உட்கொள்வோரும், இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியோரும் அதை முதலிலேயே கூற வேண்டும். வளரும் பருவத்துச் சிறுவர்களின் எலும்பு வளர்ச்சித் தட்டின் மேல் அலையைச் செலுத்தலாகாது.

வேறு எங்கேனும் முன்பணம் கட்டிவிட்டு, பாதி அமர்வுகள் முடிந்த நிலையில் எங்களிடம் வந்து "தொடரலாமா?" என்று கேட்போரும் உண்டு. கட்டிய பணத்திற்காக மட்டும் எஞ்சிய அமர்வுகளை முடிக்க வேண்டியதில்லை. ஐந்து அமர்வுகளும் முடிந்து மூன்று மாதமாகியும் மாற்றமில்லையெனில், மேலும் ஐந்தை வாங்குமுன் நோயறிதலே சரிதானா என்று மீண்டும் பார்க்க வேண்டும். முதுகுத்தண்டில் நரம்பு அழுந்துவதாலும், எலும்பில் விழுந்த நுண்ணிய விரிசலாலும், வாத நோய்களாலும் குதிகால் வலிக்கலாம். இரவில் படுத்திருக்கும்போதும் குறையாத வலி, காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், இரு குதிகால்களிலும் ஒருசேர வலியும் காலையில் நெடுநேரம் முதுகு இறுக்கமும் இருத்தல், நடக்கும்போது "டப்" என்ற ஒலியுடன் பின்னங்காலில் அடி விழுந்தாற்போன்ற உணர்வு ஆகியவற்றில் ஏதேனும் இருப்பின் அமர்வுக்குச் செல்லாமல் நேரே மருத்துவரிடம் வாருங்கள். வரும்போது பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களோடு, வீட்டில் வழக்கமாக அணியும் செருப்பையும் வெளியே போட்டுச் செல்லும் செருப்பையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். அவற்றின் அடிப்பகுதி தேய்ந்திருக்கும் விதத்தை நாங்கள் பார்க்க வேண்டும்.